மாதிரிப் பாதசாரி

முக்காடு போட்ட ரோட்டை அங்கப்பன் தன் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தார்.

அந்தப் பக்கம் மூன்று, இந்தப் பக்கம் மூன்று என்று ஆறு வண்டிகள் ஒரே சமயத்தில் போகக்கூடிய அகலமான சாலை. அதன் குறுக்கே மஞ்சள் துணியை விரித்து, காற்றுக்குப் பறந்துவிடாமல் மூலைக்கு மூலை ஆணி அடித்திருந்தார்கள். துணிக்கு அடியில் புதிதாகப் போட்ட ஜீப்ரா கிராஸிங் இருந்தது. திறப்பு விழா முடியும்வரை அதை யாரும் பார்க்கக் கூடாது என்பது ஏற்பாடு. ஆனால் அதற்காகச் சாலையை மூட முடியாது அல்லவா? வண்டிகள் துணிமேலேயே போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு பஸ் போனதும் துணி சுருண்டது. உடனே நாலு பேர் ஓடிப்போய் அதை இழுத்து நீவிவிட்டு, அடுத்த பஸ் வருவதற்குள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடி வந்தார்கள். பாதசாரிகளின் உயிரைக் காக்கும் அந்தத் திட்டத்தில், அன்று காலை அதிக ஆபத்தில் இருந்தவர்கள் அவர்கள்தாம்.

அங்கப்பன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பாட்டரி பத்திரமாக இருந்தது.

இந்தப் பாட்டரியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். காது கேட்கும் மெஷினில் போடுகிற, சட்டைப் பொத்தானைவிடச் சிறிய பாட்டரி அது. அதன் முதுகில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டைகள் உண்டு. ஓட்டைகளை ஒரு சின்ன ஸ்டிக்கர் மூடியிருக்கும். ஸ்டிக்கரை உரித்ததும் காற்று உள்ளே போகும். அந்தக் காற்றைக் கொண்டுதான் பாட்டரி மின்சாரம் செய்துகொள்கிறது. உரித்துவிட்டால் அப்புறம் நீங்கள் மெஷினைப் போட்டாலும் போடாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டே இருக்கும். கடைக்காரர் இதை இரண்டு தடவை விளக்கி, மெஷினில் போடும்போதுதான் உரிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மெஷின் சாமியாத்தாளுடையது. அங்கப்பனின் மனைவியான அவர் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் பல வருடம் நூல் மில்லில் வேலை பார்த்தவர். மில் அவருக்குக் கொடுத்த சம்பளம் கிணத்துக்கடவில் தென்னந்தோப்பாக மாறியது. அதற்குப் பதிலாக மில் எடுத்துக்கொண்டது அவருடைய காதுகளை. காதுக்கு மெஷின் வந்த பிறகு கண்ணில் புரை வந்தது. போன மாதம் தோப்பில் சொட்டுநீர்க் குழாயைப் பாம்பு என்று நினைத்துத் தடியால் அடித்துத் துண்டாக்கினார். அதற்கடுத்த வாரம் பாம்பைக் குழாய் என்று நினைத்துத் தாண்டிப் போனார். இனித் தள்ளிப்போட முடியாது என்று அங்கப்பன் கோயமுத்தூருக்குக் கூட்டி வந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கண் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்.

கண் புரை ஆபரேஷனில் மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைப்பதில்லை. கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்கிறார்கள். ஆள் விழித்துக்கொண்டுதான் இருப்பார். டாக்டர், வெளிச்சத்தையே பாருங்கள், அசையாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே வேலை செய்வார். சொல்வது நோயாளிக்குக் கேட்க வேண்டும். சாமியாத்தாளின் மெஷின் அன்று காலையில் உயிரை விட்டது.

"எதிர்த்தாப்புல கடை இருக்குப்பா, ஓடிப்போய் பாட்டரி வாங்கிட்டு வந்துருங்க," என்று நர்ஸ் ரம்ஷா சொன்னாள். "பதினொண்ணுக்குள்ள வந்துட்டீங்கன்னா அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போயிருவோம். டாக்டர் அப்புறம் காரமடை கேம்ப்புக்குக் கிளம்பிருவாரு. விட்டா அடுத்த மாசந்தான்."

"இக்கட்டால அக்கட்டால போற தூரந்தான கண்ணு. இதா வாரேன்," என்று அங்கப்பன் கிளம்பினார். போகும்போது நடுத்திட்டில் ஒரு இடைவெளி இருந்தது. ஊரே பல வருடமாக அதில் புகுந்துதான் ரோட்டைத் தாண்டியது. அவர் கடையில் நின்ற நேரத்துக்குள், ஜீப்ரா கிராஸிங் வந்துவிட்டதால் இனி அது ஆபத்தான வழி என்று சொல்லி, இரும்புத் தடுப்பு வைத்து அடைத்துவிட்டார்கள். ஆபத்தான வழி மூடப்பட்டுவிட்டது. ஆபத்தில்லாத வழி இன்னும் திறக்கப்படவில்லை. இரண்டுக்கும் நடுவில் அங்கப்பன் நின்றார்.

அவர் துணியை நோக்கிப் போனபோது பச்சைக் கோட்டு போட்ட இளைஞன் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வழிமறித்தான். பெயர் தமிழ்ச்செல்வன், விழாக் குழுவின் தொண்டன்.

"ஏனுங்கய்யா, எங்க போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்குங்க."

"இன்னும் தொறக்கலீங்க."

"ஆஸ்பத்திரிங்களா?"

"ரோடுங்க."

சாலை ஓரத்தில் பந்தல் போட்டு மேடை அமைத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் தொங்கிய பதாகையில், பாதசாரி வாகன ஓட்டி பரஸ்பரப் பொறுப்புணர்வு மேம்பாட்டுக் குழு என்று எழுதியிருந்தது. குழுவினரின் கார்கள் நடைபாதை நெடுக வரிசையாக நின்றன. சாலையில் நிறுத்தினால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்பதால் நடைபாதையில் நிறுத்தியதாகத் தமிழ்ச்செல்வன் பெருமையாகச் சொன்னான். எப்போது திறப்பார்கள் என்று அங்கப்பன் கேட்டார். சிறப்பு விருந்தினர் வந்ததும் திறப்பார்கள். சிறப்பு விருந்தினர் எங்கே? நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்கிறார். நெரிசல் ஏன்? பந்தலுக்காக ஒரு தடத்தை அடைத்திருக்கிறோமே, அதனால்தான்.

எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது. ரோட்டைத் தாண்டத்தான் வழி இல்லை.

கடைசியில் சிறப்பு விருந்தினர் பாதி வழியிலேயே திரும்பிவிட்டதாகத் தகவல் வந்தது. குழுத் தலைவர் வெங்கடபதியே திறந்து வைப்பது என்று முடிவானது. அவர் மில் முதலாளி, கார் விற்பனை நிலையமும் வைத்திருந்தார். செயலாளர் அருள்குமார் பொறியாளர். சாலை அமைப்பில் வெளிநாடு போய்ப் படித்து வந்தவர். நிகழ்ச்சி நிரலைப் பார்த்துக்கொண்டே வந்த அவர், ஓரிடத்தில் நின்றார். 'செயல்விளக்கம்: பாதசாரி சாலையைக் கடத்தல்' என்று அதில் இருந்தது. மாதிரி வாகனம் தயாராக இருந்தது. தலைவரின் காரும் அதன் டிரைவர் பங்காருவும். பாதசாரிக்கு யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

"இங்க நடந்து வந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று அருள்குமார் மைக்கில் கேட்டார்.

பந்தலில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதசாரிகள் பாதுகாப்புக்காகக் கூடிய அந்தப் பெருங்கூட்டத்தில் காலால் நடந்து வந்தவர் என்று ஒருவரும் இல்லை. துணி நீவுகிறவர்கள்கூட டெம்போவில் வந்தவர்கள்தாம்.

"நானுங்க," என்று கயிற்றுக்குப் பின்னாலிருந்து அங்கப்பன் கையைத் தூக்கினார். முதல் பாதசாரி என்றால் முதல் ஆளாக அக்கட்டால, அதாவது எதிர்ப்பக்கம், போய்விடலாம் என்பது அவர் கணக்கு.

கைதட்டி அவரை மேடைக்கு அழைத்துப் போனார்கள். பாதசாரி தூரத்திலிருந்தே கண்ணில் பட வேண்டும் என்று மினுமினுக்கும் ஆரஞ்சுச் சட்டையை வேட்டிமேல் மாட்டினார்கள். தலைக்கு ஹெல்மெட் வைத்தார்கள். வலது கையில் சிவப்புக் கொடி, இடது கையில் டார்ச் லைட். வெயில் சுள்ளென்று அடித்தாலும் பாதசாரி எல்லாச் சூழலுக்கும் தயாராக இருக்க வேண்டும் அல்லவா? குறுக்கே 'மாதிரிப் பாதசாரி' என்று பட்டை ஒன்றையும் போட்டார்கள். இப்போது அவரைப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு வண்டி மாதிரியே இருந்தது. நம்பர் பிளேட் ஒன்றுதான் குறை.

"என்ற சம்சாரம் ஆஸ்பத்திரில இருக்குதுங்க, பதினொண்ணுக்குள்ள நான் போகோணுங்க," என்றார் அங்கப்பன்.

"ரொம்பப் பொருத்தங்க," என்றார் அருள்குமார். "அவசரத்துலயும் பொறுமை காக்கறதுதான் பாதசாரியோட முதல் பொறுப்பு." அதையே தன் பேச்சின் முதல் வரியாகவும் வைத்துக்கொண்டார்.

பாதசாரியின் மற்றப் பொறுப்புகளை அவர் நிதானமாக விளக்கினார். பாதசாரி நிற்க வேண்டும். வலது பக்கம், இடது பக்கம், மறுபடி வலது பக்கம் பார்க்க வேண்டும். வருகிற வண்டியின் வேகத்தைக் கணிக்க வேண்டும். பிரேக் எப்படியிருக்கும் என்று ஊகிக்க வேண்டும். கையைத் தூக்கித் தன் எண்ணத்தைத் தெரிவிக்க வேண்டும். ஓட்டுகிறவரின் கண்ணைப் பார்க்க வேண்டும், அவர் கண்ணும் தன்னைப் பார்க்கும்வரை விடக் கூடாது. பார்த்துவிட்டால் நன்றியோடு சிரிக்க வேண்டும்.

"அதே மாதிரி ஓட்டறவருக்கும் பொறுப்பு இருக்குதுங்க," என்று அவர் குரலை உயர்த்தினார். "பாதசாரி இதையெல்லாம் சரியாச் செய்யறாரான்னு அவர் கவனிக்கோணும்."

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வது நல்லது. ஒரு கார் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். குறுக்கே ஆளைப் பார்த்து, மூளை சொல்லி, கால் போய் பிரேக்கைத் தொடுவதற்குள் கார் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஓடிவிடும். தொட்ட பிறகு நிற்க இன்னும் அவ்வளவு தூரம் வேண்டும். நடக்கிறவரோ அரை அடியில் நின்றுவிடுவார். அதனால்தான் வெள்ளைக் கோட்டைப் போடுகிறார்கள். ஆள் இருக்கிறாரோ இல்லையோ, கோட்டைப் பார்த்ததும் எடை அதிகமாக இருக்கிறவர் முதலில் வேகத்தைக் குறைக்கட்டும் என்று. உருக்கிய வெள்ளைப் பிசினை ஊற்றும்போது மேலே கண்ணாடி மணிகளைத் தூவுவதுகூட இதற்குத்தான். இரவில் கார் வெளிச்சம் அந்த மணிகளில் பட்டு ஓட்டுகிறவர் கண்ணுக்கே திரும்பி வரும். நடக்கிறவர் கண்ணுக்கு வராது. கோடு யாருக்காகப் போடப்பட்டது என்பது கோட்டுக்கே தெரியும்.

அருள்குமாருக்கும் தெரியும். ஆனால் குழுவின் பெயரில் பரஸ்பரம் என்று இருந்தது. ஆகவே அவர் பொறுப்பை நட்டநடுவில் வெட்டி, இரண்டு டன் காருக்குப் பாதி, அறுபது கிலோ அங்கப்பனுக்குப் பாதி என்று பங்கு வைத்திருந்தார்.

அடுத்து வெங்கடபதி பேசினார். அலங்காரமில்லாமல் மனதில் பட்டதைப் பேசுகிறவர் என்று அவருக்குப் பெயர்.

"நாப்பது வருசமா இந்த ஊர்ல தொழில் பண்றனுங்க. இந்த ரோடு சின்னதா இருந்தப்ப இருந்து தெரியும். ஒரு தடவ கூட நான் இதை நடந்து தாண்டுனதில்லை. என் மேல ஒரு கீறல் உண்டுங்களா? கட்டுப்பாடா இருந்தா எல்லாரும் பத்திரமா இருக்கலாமுங்க. நடக்கறவங்க மேல நமக்கு நெம்ப மரியாதை. அவங்கதான நாளைக்கு நம்மகிட்ட கார் வாங்கப் போறவங்க."

கைதட்டல் அடங்கியதும் அவர் கொடியசைத்தார். துணியை இழுத்தார்கள். காலையிலிருந்து வண்டிச் சக்கரங்கள் துணியோடு சேர்த்து அரைத்ததில் கோடுகள் அங்கங்கே மஞ்சளாகியிருந்தன. ஆனாலும் ஜீப்ரா கிராஸிங் திறந்துவிட்டது.

அங்கப்பன் கோட்டின் விளிம்பில் நின்று, சொல்லிக்கொடுத்தபடி வலது, இடது, வலது பார்த்துக் கையைத் தூக்கினார்.

உடனே ஒரு வண்டி நின்றது. ஆனால் அது மாதிரி வாகனமல்ல; டவுன் பஸ். கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஏறுங்க, ஏறுங்க, சீட் இருக்குது," என்றார். கோவையில் ரோட்டோரம் நின்று கையைத் தூக்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வெளிநாட்டில் படித்த அருள்குமாருக்கு இது நினைவில் இல்லை. பஸ் ஏறுவதற்கல்ல, அக்கட்டால போவதற்குத்தான் கையைத் தூக்கினேன் என்று அங்கப்பன் விளக்கினார்.

"அக்கட்டாலயா? அதுக்கும் இதேதானுங்க பஸ்," என்றார் கண்டக்டர். "சிக்னல எடுத்துப்போட்டாங்கல்லங்க, நாங்க யூ-டர்ன் அடிச்சுத் திரும்பி வந்துதான் அந்த ஆஸ்பத்திரிச் சந்துக்குள்ள நுழையோணும். வாங்க, வாசல்லயே எறக்கி உடறேன்."

இதற்குள் அருள்குமார் மைக்கில் பஸ்ஸைக் கண்டித்தார். செயல்விளக்கத்துக்கு இடையூறு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பஸ் போனது. அதன் பின்னால் தலைவரின் நீளமான வெள்ளைக் கார் மெதுவாக வந்து, கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பங்காரு கண்ணாடியை இறக்கினார். இருவர் கண்ணும் சந்தித்தன. அங்கப்பன் நன்றியோடு சிரித்தார். பந்தல் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

"நீங்க போங்க," என்றார் பங்காரு.

"இருக்கட்டுங்க, நீங்க போயிருங்க. பெரிய வண்டி, நின்னு கெளம்பறது சிரமம்."

"பெரியவங்க நிக்கறப்ப நான் போனா நல்லாருக்குங்களா? நீங்க போங்க."

"உங்களுக்கு என்ன சோலியோ என்னமோ. போங்க."

கொங்கு நாட்டில் மரியாதை எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு இது வீண் பேச்சாகத் தோன்றும். அப்படியல்ல. ஒருவர் காபி சாப்பிடுங்கள் என்றால் அடுத்தவர் வேண்டாம் என்பார். மறுபடி சொன்னால் மறுபடியும் வேண்டாம் என்பார், ஆனால் குரல் கொஞ்சம் இளகியிருக்கும். மூன்றாவது தடவை சரி என்பார். காபிக்கு இது கச்சிதமான முறை. ஏனென்றால் கொடுக்கிறவர் ஒருவர், குடிக்கிறவர் ஒருவர். கிராஸிங்கில் இருவருமே கொடுக்கிறவர்கள். மூன்றாவது சுற்றில் இருவரும் ஒரே சமயத்தில் சரி என்றார்கள். அங்கப்பன் காலை எடுத்து வைத்தார், பங்காரு காலை பிரேக்கிலிருந்து எடுத்தார். கார் உறுமி ஒரு சாண் வந்து குலுங்கி நின்றது. அங்கப்பன் பின்னால் துள்ளினார். இருவரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். மன்னிப்புக் கேட்டபின் மறுபடி முதலிலிருந்துதான் ஆரம்பிக்க முடியும்.

மூன்றாவது தடவை இப்படி நடந்தபோது பங்காரு எந்த ஊர் என்று கேட்டார். கிணத்துக்கடவு என்றதும், தன் மச்சினிச்சியைக் கட்டிக்கொடுத்தது அங்கேதான் என்றார். யார் வீட்டில் என்று அங்கப்பன் கேட்காமல் இருக்க முடியுமா? கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் நடந்து போகத்தான் முடியுமா? பின்னால் ஹாரன் சத்தம் ரயில் மாதிரி நீண்டது. ஆஸ்பத்திரி மாடியின் ஜன்னலில் வெள்ளையாக ஒரு உருவம் கையை ஆட்டியது. ரம்ஷா மாதிரி இருந்தது.

"பாருங்க," என்று அருள்குமாரின் குரல் ஒலிபெருக்கியில் தழுதழுத்தது. "ரெண்டு பேரும் தங்களோட பொறுப்பை முழுசா உணர்ந்து நிக்கறாங்க. இதுதான் நம்ம கனவு."

"நான் தாண்டோணுங்க," என்று அங்கப்பன் திரும்பிக் கத்தினார்.

"தாண்டறது ரெண்டாம் கட்டமுங்க. இப்ப நடக்கறது விழிப்புணர்வு."

அங்கப்பன் சட்டைப்பையைத் தொட்டார். ஹெல்மெட்டைக் கழற்றிப் பங்காருவின் காரின்மேல் வைத்தார். நெரிசலில் பத்தடி தள்ளி இன்னொரு டவுன் பஸ் மாட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

பஸ் போய் யூ-டர்ன் அடித்துத் திரும்பி, ஆஸ்பத்திரி வாசலில் அவரை இறக்கிவிட்டபோது பதினொன்று தாண்டிவிட்டது. ஆரஞ்சுச் சட்டையும் பட்டையுமாகப் படியேறி ஓடினார். மாடியில் டாக்டர் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார். காரமடைக்குக் கிளம்பியவர்தான். ஆனால் வாசலில் வண்டி எடுக்க முடியவில்லை. எதிர்ப்பக்கம் ஏதோ விழாவாம், ஒரு கார் நடுரோட்டில் நின்றுவிட்டதாம், நெரிசல் யூ-டர்ன் வழியாக இந்தப் பக்கமும் வழிந்துவிட்டதாம். நெரிசலுக்கு இப்படி ஒரு குணம் உண்டு. முன்னால் நின்றவன் கிளம்பிப் போன பிறகும் பின்னால் இருப்பவன் வெகுநேரம் நின்றுகொண்டிருப்பான்.

ரம்ஷா ஸ்டிக்கரை உரித்துப் பாட்டரியைப் போட்டாள். சாமியாத்தாள் காதைத் தொட்டுப் பார்த்து, முதலில் சொன்னது இதுதான்: "ஏனுங்க, பாட்டரி வாங்கப் போன மனுசன், யார்கிட்ட வேலைக்குச் சேந்துட்டு வந்தீங்க?"

டாக்டர் நெரிசல் தீரும்வரை சும்மா இருப்பானேன் என்று ஆபரேஷனை முடித்துவிட்டார்.

மாலைக்குள் குழு அறிக்கை வெளியிட்டது. திறப்பு விழாவில் மாதிரிப் பாதசாரி ஒருவர் எந்தக் காயமுமின்றி மறுபக்கம் சேர்ந்தார் என்று அதில் இருந்தது. பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

மறுநாள் சாமியாத்தாளைக் கறுப்புக் கண்ணாடி போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளிச்சம் படக் கூடாது, குனியக் கூடாது, தலையை வெடுக்கென்று திருப்பக் கூடாது. உக்கடம் பஸ் எதிர்ப்பக்கம்தான் வரும். அங்கப்பன் அந்தக் கோட்டைப் பார்த்ததுமே நின்றுவிட்டார். யாருக்கு முதலில் சிரிப்பது, எந்தக் கண்ணைப் பார்ப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சாமியாத்தாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். வலமும் பார்க்கவில்லை, இடமும் பார்க்கவில்லை. நிமிர்ந்த தலை நிமிர்ந்தபடி நேராக நடந்தார்.

பஸ் நின்றது. லாரி நின்றது. கார்கள் நின்றன. உணவு கொண்டுபோகும் பையன்களின் பைக்குகள்கூட நின்றன. இரண்டு பக்கமும் ஆறு தடங்களும் அமைதியாக நின்றன. ஹாரன்கூட இல்லை. அங்கப்பனுக்குப் பயமாகவே இருந்தது.

"பாவம், கண்ணு தெரியாதவங்க," என்று ஸ்கூட்டரில் இருந்த பெண் பக்கத்துக்காரரிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. நேற்று அவர் பங்காருவின் கண்ணைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தால் ஓட்டுகிறவர், இந்த ஆள் நம்மைப் பார்த்துவிட்டான், இனி அவன் பாடு என்று நினைத்துவிடுவார். இன்றைக்குப் பார்க்காத ஆள் வந்ததும், பார்க்கிற வேலை முழுவதும் தன்மேல்தான் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிட்டது. பாதிப் பாதியாக வெட்டியபோது யாருக்கும் கிடைக்காத பொறுப்பு, வெட்டாமல் கொடுத்ததும் முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

அங்கப்பனோடு சேர்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், கிராஸிங்கைக் கண்காணிக்க நின்ற தமிழ்ச்செல்வன். அவன் செல்போனில் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினான். குழுவும் பார்த்தது. குழுவுக்கும் ஒன்று விளங்கியது. ஆனால் அது வேறு.

ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது டாக்டர், கண் அருமையாக இருக்கிறது, இனிக் கறுப்புக் கண்ணாடி வேண்டாம் என்று கழற்றி வாங்கிக்கொண்டார். சாமியாத்தாள் படியிறங்கும்போதே கண்ணில் பட்ட பலகைகளையெல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தார். மருந்துக்கடை, ஜெராக்ஸ், எதிர்ப்பக்கம் பாத்திரக்கடையின் தள்ளுபடி. அங்கப்பன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஜீப்ரா கிராஸிங்கில் ஒரு கம்பத்தில் புதிய பலகையும் அதன் கீழே ஒரு பெட்டியும் இருந்தன.

"பாதசாரிகள் சாலையைக் கடக்கும் முன் இப்பெட்டியிலுள்ள கறுப்புக் கண்ணாடியை அணிந்துகொள்ளவும். கடந்தபின் எதிர்ப்புறப் பெட்டியில் போடவும்," என்று சாமியாத்தாள் ஒரு எழுத்து தப்பாமல் படித்தார். கீழே வெங்கடபதியின் அன்பளிப்பு என்று இருந்தது. அதையும் படித்தார்.

திட்டம் எப்படி நடக்கிறது என்று, பெட்டிக்குக் காவலாக நின்ற தமிழ்ச்செல்வன் ஆர்வமாகச் சொன்னான். காலையில் எல்லோரும் ஆஸ்பத்திரிப் பக்கம் வருவதால் எதிர்ப்பக்கப் பெட்டி காலியாகி, இந்தப் பெட்டி வழிந்துவிடும். கண்ணாடிகளை அள்ளி மறுபடி அந்தப் பக்கம் கொண்டுபோக ஒரு வேன் வைத்திருக்கிறார்கள். வேன் யூ-டர்ன் அடித்துப் போகும். முதல் வாரம் வண்டிகள் நன்றாக நின்றனவாம். அப்புறம் கண்ணாடி போட்டவர்களுக்கெல்லாம் கண் தெரியும் என்று ஓட்டுகிறவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது யாரும் நிற்பதில்லை. நடக்கிறவர்களுக்கும் சாயங்காலமானால் எதுவும் தெரிவதில்லை. ஆனால் திட்டம் தொடர்கிறது.

"போட்டுக்குங்கம்மா," என்று ஒரு கண்ணாடியைத் துடைத்து நீட்டினான்.

"கண்ணு தெரியோணும்னுதான தம்பி இத்தனை பாடு பட்டோம்? அதைய மூடிட்டு ரோட்டுல எறங்கச் சொல்றீங்களா?"

"ரூலுங்கம்மா."

சாமியாத்தாள் கண்ணாடியை வாங்கினார், போடவில்லை. சாலையைப் பார்த்தார். நீளமான வெள்ளைக் கார் ஒன்று கோட்டை நோக்கி அதே வேகத்தில் வந்தது. பின்சீட்டில் வெங்கடபதி போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கில் பங்காரு. அங்கப்பனை அடையாளம் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து மரியாதையாகக் கும்பிடு போட்டார். கார் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. அங்கப்பனும் பழக்கதோஷத்தில் கும்பிட்டார்.

"தம்பி," என்று சாமியாத்தாள் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். "இதைய அந்த வண்டி ஓட்டறவருக்குக் குடுங்க. எப்படியும் பார்க்காமதான போறாங்க. போட்டுட்டே போகட்டும்."

தமிழ்ச்செல்வன் சிரிக்கவில்லை. நல்ல யோசனை என்று அப்போதே குழுவுக்கு அனுப்பினான். பொறுப்பு பரஸ்பரம் என்றால் கண்ணாடியும் பரஸ்பரமாகத்தான் இருக்க வேண்டும் என்று அருள்குமார் கருத்துத் தெரிவித்ததாகவும், வாகன ஓட்டிகளுக்கும் கறுப்புக் கண்ணாடி வழங்குவது பற்றித் தலைவர் பரிசீலித்து வருவதாகவும் பின்னால் தெரிய வந்தது.

உக்கடம் பஸ் எதிர்ப்பக்கம் நின்று, ஆள் ஏற்றி, போய்க்கொண்டிருந்தது. அங்கப்பன் ஜீப்ரா கிராஸிங்கை விட்டுப் பத்தடி தள்ளி மனைவியைக் கூட்டிக்கொண்டு போய் நின்றார். வலது பார்க்கவில்லை, இடது பார்க்கவில்லை. கையைத் தூக்கினார்.

இந்தப் பக்கத்து டவுன் பஸ் ஒன்று வந்து நின்றது.

"அக்கட்டாலதானுங்களே?" என்றார் கண்டக்டர். "ஏறுங்க."